ஜீப்புக்குள்ளே ஒரு சுவர்

"ஜீப்பைப் பற்றி எழுத உனக்கு என்னடி தெரியும்?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்பங்கரை, ஊறுகாய் ஜாடி, பிள்ளைகளின் சளி, காய்ச்சல். மிக்ஸி மூடி கழன்றால் ஸ்குரூ டிரைவரை எடுப்பதோடு சரி. ஆனாலும் 2023-ல் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. படித்து முடித்தபின் 'இது ஜீப் சமாசாரமா, பிள்ளை வளர்க்கிற சமாசாரமா?' என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலக்காய்த் தோட்டங்கள். விடியற்காலையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து காய் எடுக்கப் போவார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். என் மாமனார் 1967-ல் வாங்கிய ஜீப்பும் அந்த வேலையைத்தான் செய்தது. போகும்போது ஆள், வரும்போது ஏலக்காய் மூட்டை.

அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த மாதிரி அது. எஞ்சின் உயரமானதால் முன் மூடியையும் உயர்த்திவிட்டார்கள். அதனால் மூக்கு மட்டும் தூக்கினாற்போல் இருக்கும். அந்த ஜீப்பைத்தான் மகேந்திரா கம்பெனி நம் நாட்டில் பல வருஷம் செய்து விற்றது. மலைத்தோட்டம், போலீஸ், வனத்துறை என்று அது போகாத இடம் கிடையாது.

மாமா 2003-ல் காலமானார். அதோடு ஜீப்பும் கிணற்றடித் தகரக் கொட்டகையில் ஒதுங்கியது. இருபது வருஷம்! கோழி அதில் முட்டையிட்டது. நான் விறகு அடுக்கினேன். 2023 மாசி மாதம் என் கணவர் பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மறுநாளே, "அப்பா ஜீப்பை ஓட வச்சுட்டுத்தான் மறு வேலை" என்று கிளம்பிவிட்டார். நாலு பேரைக் கூப்பிட்டு ஜீப்பை வாசல் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

முன் மூடியைக் கழற்றியதும் அவர் எனக்கு ஒன்றைக் காட்டினார். எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு இரும்புத் தடுப்பு. ஒர்க்ஷாப்பில் 'பயர்வால்' என்பார்கள். நெருப்புச் சுவர்! அதன் ஒரு பக்கம் எஞ்சின், சூடு, புகை, எண்ணெய். மறுபக்கம் மனிதர்கள். டேஷ்போர்டு, ஸ்டீயரிங் தண்டு, முன் கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் தாங்குவதும் அதுதான். வீட்டில் அடுப்படிச் சுவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுவர் இற்றுப்போனால் வீடு என்ன ஆகும்?

எங்கள் ஜீப்பில் அது இற்றுப்போயிருந்தது. முன் கண்ணாடியின் அடி ரப்பர் காய்ந்து, மழைத் தண்ணீர் டேஷ்போர்டு வழியாக இறங்கி, மிதியடிக்குக் கீழே தேங்கித் தேங்கித் தகட்டைத் தின்றிருந்தது.

"துருவைச் சுரண்டிட்டு, பட்டி வச்சு, பெயின்ட் அடிச்சா புது ஜீப்புதான்" என்றார் என்னவர். உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

சகோதரிகளே, தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மேலே பச்சை. அதைத் தேய்த்தால் அடியில் சாம்பல். அதற்கும் அடியில் மஞ்சள். கடைசியில் செங்கல் போல ஒரு ஆரஞ்சுச் சிவப்பு. ஒவ்வொரு பெயின்டும் மாவாக உதிர்ந்து காற்றில் பறந்தது. நான் வாசலில் கூழ் வத்தல் காயப்போட்டிருந்தேன். அதன் மேலும் படிந்தது. கொடியில் காய்ந்த துணியிலும் படிந்தது. என் பேரன், அப்போது ஒன்றரை வயது, தாத்தா காலடியிலேயே குந்திக்கொண்டு அந்த வண்ணப் பொடியில் விரலால் கோடு போட்டு விளையாடினான். அதே விரல் அடுத்த நிமிஷம் வாயில். 'தாத்தாவுக்கு ஒத்தாசை பண்றான் பாருங்க' என்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

மகன் அந்தச் சமயம் ஆறு மாத வேலையாக வெளிநாடு போயிருந்தான். மருமகளும் பேரனும் எங்களோடு. மருமகளுக்கு மறுபடி நாலு மாதம். கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி 'லேப்' ஒன்றில் வேலை பார்த்தவள். இரண்டு வாரம் அவள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் வெளியே வந்தவள் பிள்ளையை வெடுக்கென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, மாமாவை நிறுத்தச் சொல்லுங்க. பழைய பெயின்ட்ல காரீயம் இருக்கும். அது விஷம்."

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசித்தானே சமைச்சோம்? பூசுறவர் தெருவுக்கே வருவாரே. யாரு செத்துப் போனோம்?" என்றேன்.

"அது வெள்ளீயம், அத்தை. இது காரீயம். ரெண்டுக்கும் பேருதான் ஒண்ணு மாதிரி."

உண்மைதான். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். விலை மலிவுக்காக அதில் காரீயத்தைக் கலந்தால் அதுவும் ஆபத்தே. பெயின்டில் இருப்பது காரீயம். துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்கு அடிப்பூச்சாக அடித்த ஆரஞ்சுச் செந்தூரம் காரீயத்தில் செய்தது. பளிச்சென்ற மஞ்சளுக்கும் காரீயம் சேர்ப்பார்கள். வீட்டுக்கு அடிக்கிற பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று நம் அரசாங்கம் 2016-ல்தான் விதி செய்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. 1967-ம் வருஷத்து ஜீப்புக்கும், அதற்குப் பிறகு மூன்று தடவை பூசிய பூச்சுக்கும் எந்த விதி? போதாததற்கு, 2000-ம் ஆண்டு வரை நாம் வண்டிக்கு ஊற்றிய பெட்ரோலிலும் காரீயம் கலந்தே வந்தது. அந்தத் தடுப்பில் ஒட்டிக் கிடந்த கரியிலும் அது இருந்திருக்கும்.

அன்று இரவு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் பேரனையும் மருமகளையும் தேனிக்கு டாக்டரிடம் கூட்டிப் போனோம். பிள்ளை நன்றாகத்தான் இருந்தான், ஓடினான், சாப்பிட்டான். 'ஒண்ணுமிருக்காது, இந்தக் காலத்துப் பொண்ணுங்க எதுக்கெடுத்தாலும் டெஸ்ட்' என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பேரனுக்கு 9 மைக்ரோகிராம் காரீயம். மருமகளுக்கு 2.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "5 இருந்தாலே எங்கிருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிள்ளைங்களுக்கு இவ்வளவு வரை பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது. ஒரே அளவு பெரியவங்க வயித்துக்குள்ளே போறதைவிட, சின்னப் பிள்ளை உடம்பு நாலைஞ்சு மடங்கு அதிகமா இழுத்துக்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. மூளை வளர்ச்சி, படிப்பு, குணம் எல்லாத்தையும் மெதுவாத் தொடும். ரத்தசோகை வரும்."

"மருந்து?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"45-க்குப் போனாத்தான் காரீயத்தை வெளியேத்துற மருந்து. இந்த அளவுக்கு அது வேண்டாம். பொடியை நிறுத்துங்க. அதுதான் மருந்து. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

சாப்பாட்டைப் பற்றியும் சொன்னார். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். வெறும் வயிற்றிலும் அப்படியே. ஆகவே பிள்ளையை வெகுநேரம் பட்டினி போடாமல் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முட்டை, பால், கூடவே நெல்லிக்காய், கொய்யா. "வேற மூலிகை, கஷாயம்னு எதையும் கொடுத்து விஷத்தை முறிக்கப் பார்க்காதீங்க" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்! கர்ப்பிணிகளைப் பற்றி அவர் சொன்னதும் முக்கியம். காரீயம் எலும்பில் போய் ஒளிந்துகொள்ளும். பிள்ளைத்தாச்சியின் எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வந்து சிசுவுக்கும் போகும்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டினார். நான் மருமகளிடம், "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் தாயி" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த துடைப்பத்தை மட்டும் வாங்கி ஓரமாக வைத்தாள்.

"பெருக்கக் கூடாது அத்தை. பெருக்கினா மறுபடி பறக்கும். ஈரத்துணியாலே துடைக்கணும்."

மூன்று நாள் துடைத்தோம். தரை, ஜன்னல் விளிம்பு, தொட்டில் சட்டம், பொம்மைகள். சோப்புத் தண்ணீரில் ஒரு துணி, நல்ல தண்ணீரில் ஒரு துணி. மருமகளை அந்தப் பக்கமே விடவில்லை. அவர் வேலைக்கு உடுத்திய கைலியையும் சட்டையையும் தனியாகத் துவைத்தேன். வேப்பமரத்தடி மண்ணை நனைத்து மேலாக வழித்து, சாக்கில் கட்டி, புது மண் கொட்டினோம். வத்தலை எல்லாம் தூக்கி எறிந்தேன். எறிந்தது மூன்று படி அரிசி வத்தல். மனசு கேட்கவில்லைதான். ஆனால் பிள்ளையைவிட வத்தலா பெரிது?

"ஜீப்பை எடைக்குப் போட்டுறவா?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஊருக்கு வெளியே, வீடுகள் இல்லாத இடத்தில், டிங்கர் வேலை செய்யும் பாய் ஒருவரின் ஷெட் இருந்தது. "அங்கே கொண்டு போங்க. வேலை முடியிற வரைக்கும் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது, அதுவும் சரி, நீங்க போட்டுக்கிற வேலைத்துணியும் சரி" என்றேன். ஷெட்டிலேயே குளித்து, வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வருவது என்று ஏற்பாடு.

ஒரு வாரம் கழித்து டேஷ்போர்டைக் கழற்றப் போவதாகச் சொன்னார்கள். நானும் போனேன். மாமாவின் சாமான் ஏதாவது அதில் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

கழற்றுவதற்கு முன்பு பாய் பாட்டரி ஒயரை எடுத்துவிட்டார். பெட்ரோல் டாங்கையும் இறக்கிவிட்டார். இந்த ஜீப்பில் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது! அதை வைத்துக்கொண்டு வெல்டிங் பொறி பறந்தால் என்ன ஆகும்? டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டால் ஒயர் காடு. நூல் சுற்றிய பழைய ஒயர்கள் அப்பளமாக நொறுங்கின. பாதியை எலி கடித்திருந்தது. "எது எங்கே போகுதுன்னு மறந்துடும்" என்று நான் ஊறுகாய் ஜாடிக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி ஒட்டினேன். செல்போனில் படமும் எடுத்துக்கொண்டேன். மொத்தம் 23 ஒயர். பாய் சிரித்தார். பிற்பாடு அவரே, "அக்கா ஒட்டின சீட்டாலே ரெண்டு நாள் வேலை மிச்சம்" என்றார்.

டேஷ்போர்டில் ஆள் உட்காரும் பக்கத்துப் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு. அதை அப்படியே கையால் அள்ளக் கூடாது. எலி மூத்திரத்தில் காய்ச்சல் கிருமி இருக்கும். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு எடுத்தோம். கூட்டுக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் மாமாவின் கணக்கு நோட்டு.

தேதி, பேர், காசு. தினமும் மலைக்குப் போன பெண்களின் பேர்கள். ஓரம் மடங்கிய ஒரு பக்கத்தில் மாமாவின் கோணல் எழுத்து: 'பிள்ளைத்தாச்சி. முன் சீட். காசு வேண்டாம்.' இன்னொரு பக்கத்தில்: 'கைப்பிள்ளைக்காரி. முன் சீட்.' இப்படிப் பல இடங்களில். மாமா அதிகம் பேசமாட்டார். இத்தனை வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்தும் எனக்கு இது தெரியாது. பின்னால் பத்துப் பேர் நெருக்கியடிக்க, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நல்ல இடமாகப் பார்த்து முன்னால் உட்கார வைத்திருக்கிறார்.

இருட்டியதும் பாய், "ஓட்டை எங்கெங்கே இருக்குன்னு பார்த்துடலாம்" என்று எஞ்சின் பக்கம் ஒரு பல்பைத் தொங்கவிட்டார். ஷெட் விளக்கை அணைத்தார். "அக்கா, முன் சீட்டுலே உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தேன். அடேயப்பா! அந்த இரும்புத் தடுப்பு முழுக்கக் கோலப் புள்ளி வைத்தாற்போல் வெளிச்சம். ஹாரனுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, ஏதோ கேபிளுக்கு ஒன்று என்று வருஷக்கணக்கில் ஆளாளுக்குத் துளை போட்டிருக்கிறார்கள். தேவை தீர்ந்ததும் யாரும் அடைக்கவில்லை. எண்ணினேன், பதினேழு. அது போக, காலை நீட்டும் இடத்தில் நாலு விரல் நுழையும் அளவுக்குத் துருவின் இடுக்கு. என் முழங்காலுக்கு நேரே, என் காலுக்கு நேரே.

பாய் டார்ச் அடித்து எஞ்சின் பக்கம் ஒரு இடத்தைக் காட்டினார். புகைக்குழாய் சேருமிடத்தில் பாக்கிங் கருகி, சுற்றிலும் கரி ஊதியிருந்தது. "புகை சைலன்சருக்குப் போறதுக்கு முன்னாடியே இங்கே கசிஞ்சிருக்கு. அது நேரா உள்ளே வந்திருக்கும்."

எனக்கு 1990 ஆனி மாதம் ஞாபகத்துக்கு வந்தது. நாலு மாதக் குழந்தையாக இருந்த என் மகனை மடியில் வைத்துக்கொண்டு சாந்தன்பாறைக்கு இதே முன் சீட்டில் போனேன். மலையில் நல்ல மழை. சாரல் அடிக்கக் கூடாதென்று தார்ப்பாய்க் கதவுகளை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாதி மலையில் எனக்குத் தலை பிளந்தது, வாந்தி. பிள்ளை பாலுக்கு அழ வேண்டிய நேரத்தில் அழாமல் துவண்டு தூங்கினான். "மலை வளைவு ஒத்துக்கலை, எலுமிச்சம்பழத்தை மோந்துக்க" என்றார்கள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்று ஒரு வாயு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைத் தூக்கிச் செல்ல வேண்டிய ரத்த அணுவில் இது இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, தூக்கம். மலை வளைவுக்கும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான்! வயிற்றில் இருக்கும் சிசுவை இது தாயைவிட அதிகமாகப் பாதிக்கும். அன்றைக்கு எனக்கு வந்தது வளைவாலா, புகையாலா என்று இன்று யாரால் சொல்ல முடியும்? என் மகன் நன்றாகவே வளர்ந்தான். ஆனால் மாமா அன்போடு ஒதுக்கிக் கொடுத்த அந்த முன் சீட்டுத்தான் வண்டியிலேயே ஓட்டைக்கு மிக அருகில் இருந்த இடம். அவர் மனசில் குறையில்லை. சுவர் ஓட்டையாக இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

நான் இறங்கி வந்து, "பாய், பட்டி கிட்டி வேண்டாம். எத்தனை நாள் ஆனாலும் சரி, இரும்பாலேயே அடைங்க" என்றேன்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்க்கா. துருவுக்கு மேலே பட்டி வைக்கிறது புண்ணுக்கு மேலே பவுடர் போடற மாதிரி."

அவர் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இப்படி ஒரு வண்டி இருப்பவர்களுக்கு உதவும்.

பழைய பெயின்டைக் காயவிடாமல் தண்ணீரில் நனைத்து நனைத்து 'வாட்டர் பேப்பரால்' தேய்த்தார்கள். அடியில் தார்ப்பாய். வடிந்த சேற்றை அள்ளிக் கட்டினார்கள். நெருப்பு வைத்துப் பெயின்டைப் பொசுக்கவே இல்லை. பொசுக்கினால் காரீயம் புகையாகி மூச்சில் ஏறும். வாயில் கைக்குட்டை கட்டினால் போதாது என்று பொடிக்கான முகமூடி வாங்கிக் கொடுத்தேன். வெல்டிங் செய்யப் போகும் இடங்களில் பெயின்டை வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் எடுத்தார்கள்.

பிறகு துருத் தகட்டை வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்பு இரண்டு பக்கத்து வாசலுக்கும் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்தார் பாய். ஏன் என்று கேட்டேன். "தடுப்பை வெட்டினா பாடி விரிஞ்சிரும்க்கா. அப்புறம் கண்ணாடிச் சட்டமும் உட்காராது, ஸ்டீயரிங்கும் நேரா நிக்காது." அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துத் தகடு வெட்டினார். ரவிக்கைக்குக் காகிதத்தில் அளவு வெட்டுவோமே, அப்படியே! புதுத் தகட்டை ஒரேயடியாகப் பற்றவைக்காமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். ஒரே மூச்சாகச் சூடு கொடுத்தால் தகடு நெளிந்துவிடுமாம்.

பதினேழு துளையில் வேண்டாத பன்னிரண்டை இரும்பு வைத்து மூடினார். ஒயரும் கேபிளும் போகிற ஐந்துக்கு ரப்பர் புஷ் போட்டார். புகை வராது, ஒயரும் தகட்டில் உரசி அறுபடாது. இணைப்புகளில் பசை, அதன் மேல் காரீயமில்லாத பிரைமர், கடைசியில் பெயின்ட். புகைக்குழாய்க்குப் புது பாக்கிங். முன் கண்ணாடிக்குப் புது ரப்பர். இதை மாற்றாமல் மற்றதெல்லாம் செய்தால் இரண்டு மழையில் பழைய கதை!

டேஷ்போர்டுக்குப் பழைய பச்சையே அடித்தோம். வேகம், பெட்ரோல், சூடு காட்டும் முள்களைத் துடைத்துப் பொருத்தினார்கள். கியர் போடும் விதத்தைக் கோடு கிழித்துக் காட்டும் சின்னத் தகட்டைத் தேய்க்க வேண்டாம் என்றேன். அதில் மாமாவின் விரல் பட்ட இடம் மழுங்கியிருக்கிறது. ஒயர் எல்லாம் புதிது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஃப்யூஸ்.

எல்லாம் பூட்டி, விளக்கைப் போட்டால், எரியவில்லை! என்னவர் முகம் சுண்டிவிட்டது. பாய் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்தார். எர்த் ஒயரைப் பெயின்டுக்கு மேலேயே பூட்டியிருக்கிறார்கள். "ரொம்ப நல்ல பெயின்ட்க்கா, கரண்டைக்கூட உள்ளே விடலை" என்று சிரித்துக்கொண்டே அந்த ஒரு இடத்தில் மட்டும் ரூபாய் அகலத்துக்குச் சுரண்டி இரும்பைக் காட்டிப் பூட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அன்று இரவு மறுபடி பல்பைத் தொங்கவிட்டு, மறுபடி முன் சீட்டில் உட்கார்ந்தேன். கும்மிருட்டு. ஒரு புள்ளி இல்லை. இருட்டைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

இடையே பேரனுக்கு மூன்றாம் மாதம் ரத்தம் பார்த்தோம்: 5. ஆறாம் மாதம்: 3. அவன் இப்போதெல்லாம் முருங்கைக்கீரை அடையை மென்றுகொண்டே தெருவை இரண்டு படுத்துகிறான். ஆவணியில் மருமகளுக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. டாக்டர் பேரனை வருஷத்துக்கு ஒருமுறை வளர்ச்சியும் பேச்சும் பார்க்க அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். தவறாமல் போகிறோம்.

வண்டி என்றில்லை; பழைய கதவு, ஜன்னல், கட்டில், தொட்டில் எதைச் சுரண்டுவதானாலும் இவற்றை மனசில் வையுங்கள்:

1. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து, துடைத்து முடிகிறவரை அந்தப் பக்கம் வரக் கூடாது.

2. உலர்த்தித் தேய்க்காமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பொசுக்க விடாதீர்கள்.

3. துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி. வேலைத்துணியைத் தனியே துவையுங்கள்.

4. சாப்பிடுமுன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

5. பொடி தின்றிருப்பானோ என்ற சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தம் பாருங்கள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

6. பழைய வண்டியில் முன்னால் உட்கார்ந்து தலைவலி, குமட்டல் வந்தால், ஜன்னலைத் திறந்து, வண்டியை நிறுத்தி இறங்குங்கள். மலை மேல் பழி போடுமுன் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். துவண்டு போனவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

2024 தை மாதம் ஜீப் மலையேறியது. கைக்குழந்தைக்குப் பழைய ஜீப் வேண்டாம் என்பது மருமகள் சட்டம். அவள் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துவிட்டாள். நாங்கள் இருவர் மட்டும். மாமாவின் நோட்டு என் மடியில். போடிமெட்டு வரையில் எனக்குத் தலையும் வலிக்கவில்லை, எலுமிச்சம்பழமும் தேவைப்படவில்லை. டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு ஜீப், தோட்டத்துக்குப் போகும் பெண்கள். முன் சீட்டில் மாதம் நிறைந்த ஒரு பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிரைவர் பையனிடம் போய், "தம்பி, கோவிச்சுக்காதே. அந்த மிதியடியைக் கொஞ்சம் தூக்கிப் பாரேன்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு குனிந்து தூக்கினான்.

"என்னக்கா இது, ரோடு தெரியுது!"

அந்தப் பெண்ணைக் கைபிடித்து இறக்கி எங்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். முன் சீட்டில்தான். பையனுக்குப் பாயின் ஷெட்டுக்கு வழி சொல்லிவிட்டு, நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.